பக்தியில்லாத இடது கதவு

இத்தாலியில், நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில், மண்டரின் தோடை மரங்களுக்கு நடுவே பல வருடங்களாக வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சின்ன சிவப்பு ஃபியட் காரைக் கொன்ஸ்ரன்ரைன் வாங்கிவிட்டார். காருக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு கதவு, உருண்டை விளக்கு, ஆள் ஏறினால் முனகும் இருக்கை. ஆனால் அவர் மயங்கியது அதன் நிறத்தில். துளியும் மினுக்கமில்லாமல், தூள் பூசியதுபோல் மங்கிய சிவப்பு.

“ஓபாக்கோ” என்றார் விற்ற கிழவர், விரல் நுனிகளைக் குவித்து முத்தமிட்டு. மினுங்காத பூச்சு. பெரிய பணக்காரர்கள் இப்போது இதைத்தான் கேட்டுக் கேட்டு அடிப்பிக்கிறார்களாம்.

காரைத் தாங்கள் குடியிருந்த அல்பெர்கேரியாச் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது மனைவி றோசமலர் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“என்னப்பா இது, அடுப்புக்கல்லு மாதிரிக் கிடக்கு?”

“உமக்கு விளங்காது. இது மெட் ஃபினிஷ்.”

“உங்கட காற்சட்டைப் பின்பக்கமும் மெட் ஃபினிஷோ?”

கொன்ஸ்ரன்ரைன் திரும்பிப் பார்த்தார். கதவை மூடிவிட்டுக் காரில் சாய்ந்து நின்றதில் வெள்ளைக் காற்சட்டையின் பின்புறம் முழுவதும் சிவந்திருந்தது. தோட்டத்துப் புழுதி என்று சொல்லிச் சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும், கோயில் மதிலோரம் நிறுத்தியிருந்த காரை ஆசீர்வதிக்கக் குருவானவர் அலோசியஸ் சுவாமி வாசலுக்கு வந்தார். தீர்த்தம் தெளிக்கும் குச்சியை யாரோ எங்கோ வைத்துவிட்டதால் போத்தலோடு வந்திருந்தார். நல்ல வெயில். சுவாமிக்குப் பசி வேறு. செபத்தை விரைவாகச் சொல்லிப் போத்தலைக் கவிழ்த்தார். அரைப் போத்தல் தீர்த்தம் காரின் மூக்கில் கொட்டியது.

தண்ணீர் மூக்கிலிருந்து இறங்கி, இரண்டு உருண்டை விளக்குகளின் மேலும் வழிந்து, கீழே சொட்டியது. சொட்டியது சிவப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிஞ்ஞோரா பினா அந்தப் பக்கம் வந்தாள். பல்லரோச் சந்தையில் வாங்கிய சாமான் பை ஒரு கையில், எண்ணெய்ப் போத்தல் மறு கையில். கறுப்பு உடுப்பு, எண்பது தாண்டிய வயது, ஊரையே எழுப்பக்கூடிய குரல். காரின் முகத்தைப் பார்த்தாள். கார் இரண்டு கண்ணாலும் இரத்தம் அழுதுகொண்டிருந்தது.

“சாங்குவே!” என்று அலறி முழங்காலில் விழுந்தாள். “இரத்தம்! மிராக்கோலோ! அற்புதம்!”

சந்தையிலிருந்து மீன்காரன் கத்தியோடு ஓடிவந்தான். கடலைமாப் பொரியல் விற்பவன் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தான். மாடிகளில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் படியிறங்கி வந்தார்கள். கோயிலிலிருந்து வெளியே வந்த தமிழ்ச்சனம் வீட்டுக்குப் போகாமல் நின்றது. கண்மூடித் திறப்பதற்குள் சந்து அடைத்துவிட்டது.

கொன்ஸ்ரன்ரைனுக்கு முதலில் வந்தது பக்தியல்ல, வயிற்றெரிச்சல். தண்ணியிலை கரையிற பெயின்ற் அடிச்சுத் தந்து என்னை ஏமாத்திப்போட்டான் கிழவன் என்று உள்ளுக்குள் புகைந்தார். வாயைத் திறக்கப் போன நேரத்தில் சிஞ்ஞோரா பினா முகம் துடைக்கும் தன் வெள்ளைக் கைலேஞ்சியை ஈரமாக்கிக் காரின் முன்மூடியின் மேல் அழுத்தித் தேய்த்தாள். லேஞ்சி இளஞ்சிவப்பாக வந்தது. சனம் சிலுவைக்குறி போட்டது.

ஆனால் கொன்ஸ்ரன்ரைன் பார்த்தது லேஞ்சியை அல்ல. அவள் தேய்த்த இடத்தை. அந்த இடம் பழுத்த மாதுளை மாதிரி மினுங்கியது.

பிறகு எல்லாரும் தேய்த்தார்கள். லேஞ்சி இல்லாதவர்கள் சால்வையால் தேய்த்தார்கள். மீன்காரன் ஏப்ரனால் தேய்த்தான். சிஞ்ஞோரா பினா ஒலிவ் எண்ணெய்ப் போத்தலைத் திறந்து, இறைவனின் காயத்துக்கு இதமாயிருக்கட்டும் என்று ஊற்றித் தேய்த்தாள். எண்ணெய் பட்ட இடத்தில் முகம் தெரிந்தது. தூள் படிந்த அடுப்புக்கல்லுக்குள்ளிருந்து மெல்ல மெல்ல ஒரு கார் வெளியே வந்தது.

இடது கதவிடம் வந்தபோதுதான் சிக்கல். எவ்வளவு தேய்த்தும் அது ஒரு சொட்டு நிறம் தரவில்லை. லேஞ்சியில் வெறும் அழுக்குத்தான் ஒட்டியது. சிஞ்ஞோரா பினா செபம் சொல்லிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்போதும் இல்லை.

“இந்தக் கதவு கொமுனிஸ்தா! கடவுளை நம்பாத கதவு!” என்று தீர்ப்பளித்தாள். சனம் அந்தக் கதவை விட்டு ஒதுங்கியது.

இந்த அமளிக்குள் விக்னராஜா வந்து சேர்ந்தான். கொன்ஸ்ரன்ரைனின் கூட்டாளி, கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் ஒரு பட்டறையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். அவன் கதவைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், லேஞ்சிகளைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு கொன்ஸ்ரன்ரைனைக் கோயில் மதிலோரம் இழுத்துப் போனான்.

“மச்சான், இது இரத்தமில்லை. அந்தக் காலத்துப் பெயின்ற். இப்பத்தைக் காருக்கு நிறத்துக்கு மேலை கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், துடைச்சால் நிறம் வராது. இதுக்கு அது இல்லை, நிறம்தான் மேல்தோல். வெயில்லை கிடந்து தோல் செத்துத் தூளாப் போச்சு. தூள்தான் கழருது. கீழை நல்ல பெயின்ற் கிடக்கு.”

“அப்ப ஓபாக்கோ?”

“ஓபாக்கோவுமில்லை ஒரு மண்ணுமில்லை. பாழாப்போன பெயின்ற்.”

“இடது கதவு?”

“எங்கையோ இடிபட்டுப் பிறகு மாத்தியிருக்கினம். அது புதுப் பெயின்ற், மேலை கண்ணாடிப் பூச்சு. எப்பிடி நிறம் வரும்? போய்ச் சொல்லு சனத்துக்கு.”

கொன்ஸ்ரன்ரைன் எட்டிக் காரைப் பார்த்தார். மனச்சாட்சி ஒரு பக்கம் இழுத்தது. மறுபக்கம் பாதி மினுங்கிய கார் இழுத்தது.

“மெல்லக் கதையடா” என்றார். “கூரை இன்னும் முடியேல்லை.”

கூரையும் முடிந்தது. ஆனால் காரின் வலப்பக்கம் மதிலோடு ஒட்டி நின்றதால் அங்கே ஒருவருக்கும் கை போகவில்லை. கொன்ஸ்ரன்ரைன் சற்று யோசித்தார். பிறகு பயபக்தியோடு காருக்குள் ஏறி, சனத்தை விலகச் சொல்லி, காரை முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பி, வலப்பக்கத்தைச் சனத்துக்குக் காட்டி நிறுத்தினார்.

அலோசியஸ் சுவாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொன்ஸ்ரன்ரைன்.”

“ஓம் சுவாமி?”

“அற்புதம் நடக்கிற கார் ஏன் மற்றப் பக்கம் திரும்புது?”

கொன்ஸ்ரன்ரைன் விக்னராஜாவைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான். றோசமலர் யாரையும் பார்க்கவில்லை.

“சாயம் போற சேலையைத் தோய்ச்சால் வாளித்தண்ணி என்ன நிறம், சுவாமி?” என்றாள். “உதுதான் நடக்குது. இவரின்ரை காற்சட்டையிலை கண்ட அண்டைக்கே எனக்குத் தெரியும்.”

போய் உண்மையைச் சொல் என்பதுபோல் சுவாமி கையை நீட்டிச் சனத்தைக் காட்டினார். கொன்ஸ்ரன்ரைனின் இத்தாலியன், வீடு கூட்டவும் சாளரம் துடைக்கவும் போதுமான இத்தாலியன். அதை வைத்துக்கொண்டு காரின் முன்னால் போய் நின்று தலையைக் குனிந்தார்.

“சாங்குவே இல்லை” என்றார். “வெர்னிச்சே. பழைய வெர்னிச்சே.” பழைய பெயின்ற் என்று அர்த்தம்.

மீன்காரன் தன் ஏப்ரனை மூக்கில் வைத்து மணந்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். பொரியல்காரன் சிரித்தான், மாடிப் பெண்கள் சிரித்தார்கள். அப்போதுதான் பொரியல்காரனுக்குச் சட்டி ஞாபகம் வந்து ஓடினான்.

சிஞ்ஞோரா பினா மட்டும் சிரிக்கவில்லை. வெறும் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். முழுப் போத்தலையும் ஒரு வண்டிக்கா ஊற்றினேன் என்று அவள் போட்ட சத்தத்தில் புறாக்கள் கோபுரத்தை விட்டுப் பறந்தன.

சுவாமி அங்கேயே பரிகாரம் விதித்தார். சனிக்கிழமைகளில் கொன்ஸ்ரன்ரைன் பல்லரோவில் காரோடு நிற்க வேண்டும். சுமை தூக்க முடியாத கிழவிகளை வீடுவரை கொண்டுபோய் விட வேண்டும். முதலில் சிஞ்ஞோரா பினா. எண்ணெயும் புதிதாக வாங்கிக் கொடுக்க வேண்டும்.

“ஓம் சுவாமி” என்றார் கொன்ஸ்ரன்ரைன். மதிலோரம் மறைந்திருந்த பக்கம் தேய்படாமலே கிடந்தது. அதை அவரே இரண்டு பின்னேரம் முதுகு முறியத் தேய்த்தார்.

விக்னராஜா வந்து பார்த்தான். “காணும், இனி உரஞ்சாதை. நிறமே தோலெண்டால் தோலுக்கும் ஒரு அளவிருக்கு. மெழுகை மட்டும் பூசு. பார், இஞ்சை கிழவி எலும்புவரைக்கும் போயிட்டா.”

மூடியின் நடுவில், சிஞ்ஞோரா பினா மிகுந்த பக்தியோடு தேய்த்த இடத்தில், அடிப்பூச்சின் சாம்பல் நிறம் ஒரு காசளவுக்குத் தெரிந்தது. அதில் கொஞ்சம் பெயின்ற் தொட்டுவிடுகிறேன் என்றான் விக்னராஜா.

அந்தச் சனிக்கிழமை கொன்ஸ்ரன்ரைன் அதைச் சிஞ்ஞோரா பினாவிடம் முறைப்பாடாகக் காட்டினார். கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்கண்ணாடி வழியே எட்டி, கண்ணைச் சுருக்கி, வெகு நேரம் பார்த்தாள்.

“இந்தச் சாம்பல் முகத்தைப் பார், மூக்கு அப்படியே நம் ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியா” என்றாள், குரலைத் தாழ்த்தி. “இதை மட்டும் அழித்துப் பார், என்ன நடக்குமென்று தெரியும்.”

விக்னராஜாவின் பெயின்ற் வேண்டாமென்று முடிவுசெய்துகொண்டு கொன்ஸ்ரன்ரைன் காரை எடுத்தார்.