பதினைந்தடிக்கும் எட்டடிக்கும் நடுவே

1

இந்தக் கதை என் கால் பெருவிரலில் ஆரம்பித்தது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வரும் பேருந்தில், உச்சிப்புளியில் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாக்கைக் காலடியில் வைத்தார். டிரைவர் பிரேக் போட்டதும் அது உருண்டு என் விரல்மேல் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பதறிப்போய்ச் சாக்கைப் பிரித்துக் காட்டினார். மோதியது இன்னதென்று தெரிந்தால் வலி குறையும் என்று நினைத்தாரோ என்னவோ.

உள்ளே இருந்தது ராக் பிட். மூன்று இரும்பு உருளைகள், அவற்றின்மேல் வரிசையாகக் குமிழ்ப் பற்கள். சாலையை வெட்டாமல், நிலத்துக்கு அடியில் படுக்கைவாட்டில் துளைபோட்டுக் குழாய் பதிக்கிறார்களே, அந்த மெஷினின் முனையில் சுழலும் தலை அது. ஓர் உருளையில் பற்கள் மழுங்கியிருந்தன. அடுத்த வேலைக்குப் புதிது வாங்கப் போகிறார். பெயர் அசாருதீன், ஊர் பனைக்குளம்.

ராமநாதபுரம் வருவதற்குள் அவர் சொன்னது இந்தக் கதையில் பாதி. மீதி நான் சேர்த்தது. நான் சேர்க்க ஆரம்பிக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பூமிக்கு அடியில் ஒரு மிருகம் பாறையைத் தின்றுகொண்டு—

வேண்டாம். பிட் மிருகமில்லை. தேய்கிற இரும்பு.

பிறகு இப்படி: கடற்கரையை ஒட்டிய அந்தச் சிற்றூரின் குடிநீர்ப் பிரச்சினை நெடுங்காலமாக—

இது செய்தித்தாளில் வர வேண்டியது.

கடைசியில் நிலைத்தது இது: அசாருதீன் கருவியைக் கையில் பிடித்தபடி நடந்தான்.

(பேருந்தில் ‘அவர்’ ஆக இருந்தவர் கதைக்குள் வந்ததும் ‘அவன்’ ஆகிவிட்டார். எழுதுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.)

அவன் நடப்பதுதான் வேலை. பிட்டுக்குப் பின்னால், அதைத் தள்ளிக்கொண்டு போகும் நீண்ட இரும்பு ராடுக்குள், சிக்னல் அனுப்பும் சிறு குழல் இருக்கிறது. பிட் போகும் பாதைக்கு நேர்மேலே தரையில் ஒருவன் நடந்தால், அது எத்தனை அடி ஆழத்தில் போகிறது, மூக்கு மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று அவன் கையிலுள்ள திரை காட்டும். அவன் சொல்லச் சொல்ல மெஷின்காரர் திருப்புவார். மேலே நடப்பவன் விலகினால் கீழே எல்லாம் குருட்டு வேலை.

அவன் அப்போது வேலை பார்த்த ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போக வேண்டிய இடத்தில் சாலை வளைகிறது. வளைவை ஒட்டி, ஊரார் அடக்கமாகும் கபுருஸ்தான். ராடு அவ்வளவு சட்டென்று வளையாது என்பதால், கபுருஸ்தானின் மூலைக்கு அடியில்தான் துளை போயாக வேண்டும். ஜமாஅத்தில் பேசி ஒத்துக்கொண்டார்கள். கபுர்* ஐந்தடி, துளை பதினைந்தடி. அடக்கமானவர்களுக்கு இடைஞ்சல் இல்லை, இருப்பவர்களுக்குத் தண்ணீர்.

*அடக்கம் செய்த குழி. அதன்மேல் கால் படக்கூடாது. சிறு பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

3

கபுருஸ்தான் சுவர்வரை பிட் பதினைந்தடியில் நேராகப் போனது. சுவருக்கு அப்பால் கபுர்கள் நெருக்கமாக இருந்தன. நடுவில் கால் வைக்க இடமில்லை. பாதைக்கு நேர்மேலே நடப்பதென்றால் ஒவ்வொருவர் மேலும் ஏறித்தான் போக வேண்டும்.

அசாருதீன் ஏறவில்லை. ஸலாம் சொல்லிவிட்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். சுற்றி நடந்த நேரம் முழுக்க, மெஷின் பக்கமிருந்து கேட்டபோதெல்லாம், "பதினஞ்சு, நேரா" என்று சொல்லிக்கொண்டே போனான்.

மறுபக்கம் கருவியை வைத்ததும் திரையில் எட்டடி என்று வந்தது. பிட்டின் மூக்கு கீழ்நோக்கி இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் கரையில் மணலுக்கு அடியில் சிப்பியும் மணலும் இறுகிய பாறை பலகை பலகையாகக் கிடக்கிறது. நல்ல பற்கள் அதைக் கடித்துப் போகும். மழுங்கிய பற்கள் அதன் முதுகில் சறுக்கி ஏறும், ஏறி மறுபக்கம் இறங்கும். எட்டடியில் இறங்கிக்கொண்டு இருந்தது என்றால், கபுர்களுக்கு அடியில் எங்கோ எட்டடியையும் தாண்டி மேலே போயிருக்கிறது. எவ்வளவு மேலே என்பது யாருக்கும் தெரியாது. பார்த்திருக்க வேண்டியவன் மரியாதைக்கு ஒதுங்கிப் போய்விட்டான்.

4

மெஷினை ஓட்டுகிறவர் உக்கிரபாண்டி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக்காரர். அவரிடம் மட்டும் அசாருதீன் சொன்னான்.

"ஏலே, அப்ப நீ சொன்ன பதினஞ்சு?"

"மனசுல இருந்து சொன்னதுண்ணே."

உக்கிரபாண்டி சுவரோரம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "நானே போய்ப் பாத்துருப்பேன்டா, ஆனா எனக்கும் கால் கூசுது."

பிட் மறுமுனையில் வெளியே வந்தாயிற்று. கழற்றிச் சாக்கில் போட்டாயிற்று. ராடு இன்னும் துளைக்குள் கிடக்கிறது. காலையில் அதன் முனையில், துளையை அகலமாக்கும் ரீமரை மாட்டி இழுப்பார்கள். ரீமர் போன துளையில் ஒரு குடம் நுழையும்.

கடைசி வரிசையில் ஒரு வேப்பங்கன்று நிற்கிறது. பாதை அதற்கு அடியில்தான் போகிறது. அந்தக் கபுர் யாருடையது என்று அசாருதீனுக்குத் தெரியும். வேலை தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தனுப்பும் மலிகா, ஒருநாள் சுவருக்கு வெளியே நின்று கை நீட்டிக் காட்டியிருக்கிறாள். "அந்தக் கன்னு நிக்கிதுல்ல தம்பி, அங்கனதான் எம்மக சூஃபியா." அந்த ஊரில் பெண்கள் கபுருஸ்தானுக்குள் போகிற வழக்கம் இல்லை. குழாய் வேண்டுமென்று ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததும் அதே மலிகாதான்.

பேருந்து ராமநாதபுரத்துக்குள் நுழைந்தது. "அந்தப் பிள்ளைய அது தொட்டுச்சா இல்லையான்னு தெரியல சார். மலிகா லாத்தாகிட்ட சொல்லணுமா, வேணாமா?" என்று கேட்டுவிட்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

5

இனிமேல் வருவது நான் சேர்த்தது. மலிகாவை நான் பார்த்ததில்லை.

சூஃபியா தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் லாரி மோதி இறந்தாள் என்று எழுதியிருந்தேன். கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தக் கச்சிதம் எனக்கே அருவருப்பாக இருந்ததால் அடித்துவிட்டேன். அவள் காய்ச்சலில் இறந்தாள். இறந்த பிள்ளையை இதற்கு மேல் வேலை வாங்க எனக்கு மனமில்லை.

முதல் முடிவில் அசாருதீன் சொல்லவில்லை. ரீமர் போகிறது, குழாய் வருகிறது, மலிகா முதல் குடத்தைப் பிடித்து அவனுக்கு ஒரு சொம்பு கொடுக்கிறாள். அவனைக் குடிக்க வைக்க நான் எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை.

இரண்டாவதில் அவன் சொல்லிவிடுகிறான். துளையைக் கைவிடுகிறார்கள். மெஷின் வேறு ஊருக்குப் போகிறது. பெண்கள் மறுபடி குடத்தோடு சாலையில். அந்தப் பிட் சூஃபியாவைத் தொடவே இல்லை என்றால், இதெல்லாம் எதற்கு?

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இது எனக்கு உறைக்கவே ரொம்ப நேரமானது. சிக்னல் குழலோடு ராடைப் பின்னால் இழுத்து வேப்பங்கன்றுக்கு அடியில் நிறுத்தினால் ஆழம் தெரிந்துவிடும். மேலே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். கபுருக்கு நேர்மேலே.

6

அசாருதீன் சொல்லி முடித்தபோது மலிகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. (அழுதாள் என்றும் எழுதிப் பார்த்தேன். அழுதால் அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் ஓடிவிடுவான்.)

"அந்தக் கருவிய எங்கிட்டக் குடு."

"லாத்தா, பொம்பளைங்க உள்ள..."

ஜமாஅத் தலைவர் தாஹா பக்கத்தில்தான் நின்றார். அவர் என்ன சொல்வார் என்று பல பக்கங்கள் எழுதினேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவர் கேட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

மலிகா செருப்பைக் கழற்றினாள்.

"கால் கூசலையா லாத்தா?"

"பத்து மாசம் உள்ள இருந்து என்னைய மிதிச்சவதான தம்பி. நான் ஒருதடவ மிதிச்சா கோவிச்சுக்க மாட்டா."

அவள் வரிசைகளைத் தாண்டிப் போய் வேப்பங்கன்றின் பக்கத்தில் ஏறி நின்றாள். மகளுக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் வந்தது அடக்கத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. உக்கிரபாண்டி ராடை மெதுவாக இழுத்தார். திரையில் எண்கள் ஓடி, ஒன்று வந்து நின்றது.

சுவருக்கு வெளியே எல்லாரும் காத்திருக்கிறார்கள். திரை அவள் பக்கம் இருக்கிறது. அவள் எந்த எண்ணைச் சொல்கிறாளோ அதுதான் ஆழம். அவள் பொய் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. மகளுக்காகக் குறைத்தும் சொல்லலாம், தண்ணீருக்காகக் கூட்டியும் சொல்லலாம். உண்மையையும் சொல்லலாம்.

அவள் வாயில் ஒரு எண்ணைப் போட எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு இருந்தால் போடுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுத்து. அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள், இறங்கி வர அவளுக்கு மனமில்லை.