கூடுதலாக ஓர் ஆள் இடம்

மலை உச்சியில் இருக்கும் குகைக்கோவிலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கு மட்டுமே இடம் உண்டு. ஐந்து பேர் நுழைந்தால் ஐந்து பேர் அளவுக்குப் பாறை விலகிக்கொடுக்கும்; இரண்டு பேர் வெளியேறினால் மூன்று பேர் அளவுக்குச் சுருங்கும். இதுவரை யாரும் அங்கே கையை வீசி நின்றதில்லை, இடமில்லை என்று திரும்பிப் போனதும் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்குப் பூசாரி விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் வாசல் மூடி வெறும் பாறையாகிவிடும். அப்புறம் நாலு மணிக்குத்தான் திறக்கும். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் மாலையும் கையுமாக வெயிலில் நின்று, “நான் யாருன்னு தெரியுமா?” என்று பாறையைப் பார்த்துக் கேட்டார். பாறைக்குத் தெரியவில்லை. அவரும் நாலு மணி வரை நின்றார்.

ஆகவே விளக்கை எடுக்கும்போது உள்ளே ஒருவரும் தங்கிவிடக் கூடாது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே தகரக் கொட்டகையில் செருப்புக் காவல் பார்த்தவள் பூசாரியின் மனைவி. கடைசி ஜோடிச் செருப்பும் போனபிறகு மணியை ஒரு தட்டு தட்டுவாள். அதைக் கேட்டுத்தான் அவர் விளக்கைத் தொடுவார். மணி அடிப்பாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரே மகளின் கல்யாணப் போட்டோ அத்தனையிலும் அவர் தோள் மறைத்து, இவளுடையது என்று விழுந்தது ஒரு முழங்கையும் பாதிக் காதும்தான். “வேணும்னே நின்னீங்க” என்றாள். “ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு” என்றார். அத்தோடு சரி. அவர் வாசலுக்கு வந்தால் இவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்; இவள் இருமினால் அவர் சத்தமாக மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பிழைப்பு ஒரே மலையில், சோறு ஒரே பானையில், வீம்பு மட்டும் ஆளுக்கொரு மூட்டை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே செருப்பு வார் அறுந்தது. அடிவாரத்துத் தைக்கிற ஆளிடம் ஜோடியையும் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். அவள் மேலே வந்த நேரம் அப்பா குடத்தண்ணீரைக் கொட்ட வாசலுக்கு வந்திருந்தார். அம்மா வழக்கப்படி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முதுகுக்கும் நடுவே புகுந்து அவள் உள்ளே போய்விட்டாள். சாமிக்குப் பின்னால் குகை வளைந்து இருட்டில் முடியும். அங்கே உட்கார்ந்தவள் அசதியில் கண்ணயர்ந்திருக்க வேண்டும். இதெல்லாம் ஊர் பிறகு கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்தது.

கூட்டம் போனபின் பூசாரிக்குக் கையை வீச இடம் இருந்தது, தாராளமாக ஆடியது. மற்ற நாளில் உடம்பை ஒடுக்கித்தான் திரியை இறக்க முடியும். என்னவோ சரியில்லை என்று அவருக்கே பட்டது. “யாராவது இருக்கீங்களா?” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வெளியே அவள் காதிலும் விழும், அவள் கணக்கைச் சந்தேகப்பட்டதாக ஆகும், ஆறு வருட மௌனம் வீணாகும். மணி அடித்தது. விளக்கை எடுத்தார்.

பன்னிரண்டரைக்குச் செருப்புத் தைக்கிறவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். “இந்தாங்கம்மா, உங்க பொண்ணு செருப்பு. இறங்குறப்போ படி சுடுமேன்னு நானே கொண்டு வந்தேன்.” அவள் செருப்பைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, “ஏங்க” என்றாள். பூசாரிக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது.

விளக்கைப் பாறையில் வைத்துத் தேய்த்தார், தலையால் முட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணிக்குச் சேதி கேட்டு மருமகன் வந்தான், பக்கத்து ஊரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். கல் உடைக்கிறவரையும் துளை போடும் மெஷினையும் கையோடு கொண்டு வந்திருந்தான். கல் உடைக்கிறவர் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். “உள்ள குழியே இல்லப்பா. கெட்டிப் பாறை.” மருமகன், “பரவால்ல, போடுங்க” என்றான். மாமியார் பாறையில் சாய்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள். “அவ எந்த எடத்துல இருக்கான்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா போடு. இல்லன்னா முதல்ல என்னைத் துளைச்சுட்டுப் போ.” யாருக்கும் தெரியவில்லை. மெஷினை நிறுத்தினார்கள். அதன்பிறகு கைக்கடிகாரம் கட்டியிருந்த ஒரே ஆளை எல்லோரும் மாறி மாறி மணி கேட்டே கொன்றார்கள். “எனக்குக் கை ஆடுச்சு. கேக்காம விட்டுட்டேன்” என்று பூசாரி அழுதார். “நான் மட்டும் திரும்பிப் பாத்தேனாக்கும்?” என்றாள் அவள்.

நாலு மணிக்குப் பாறை திறந்தது. உள்ளே யாரும் இல்லை. வளைவிலும் இல்லை, ஒரு வளையல் துண்டுகூட இல்லை. மருமகன் சுவரைக் குத்திக் கை கிழிந்து வெளியே ஓடினான். தனியாக நின்ற பூசாரி கையை நீட்டினார், மடக்கினார். “ஆடுது!” என்று அலறினார். “இன்னமும் ஆடுதுடீ!” கல் உடைக்கிறவர் வெளியே நின்றபடியே டேப்பை நீட்டி அளந்தார். உள்ளே ஓர் ஆள், இடம் இரண்டு ஆளுக்கு. மனைவி நுழைந்தாள், மூன்றானது. அவள் காலியாக இருந்த பக்கம் பார்த்து உட்கார்ந்து, “ஒரு வார்த்தை கூப்பிட்டா என்னடி, பாவி?” என்று பொழுது சாயும்வரை திட்டினாள்.

அன்றிலிருந்து விளக்கு வெளியே வருவதில்லை. கணவனும் மனைவியும் முறை போட்டுக் காவல் இருக்கிறார்கள். நடைசாத்தும் நேரத்தை ஏன் மாற்றினீர்கள் என்று மேலிடத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. மருமகன் ஞாயிறுதோறும் வந்து, காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டறை சமாச்சாரம் சொல்வான்.

ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, புதிதாக யாரும் நுழையாமலே குகை ஒன்றரை சாண் அகன்றது. இரண்டு தடவை அளந்தார்கள். மகள் எந்தச் சேதியைச் சொல்ல ஓடி வந்தாள் என்று அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மருமகன் படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். இப்போது தினமும் வருகிறான். அந்தச் சின்ன இடம் மாதத்துக்கு ஒரு விரல் வளர்கிறது. போன மாதத்திலிருந்து ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. பாறை இந்தப் பக்கம் புடைத்து அந்தப் பக்கம் குழிந்து, குகை முழுக்க ஓடுகிறது. சாமி கும்பிட வந்தவர்கள் காலை ஒதுக்கி வழிவிடுகிறார்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவள் செருப்பை அடுக்கியபடியே உள்ளே பார்த்துக் கத்துகிறாள்: “ஏங்க, பிள்ளை விளக்குகிட்ட போகுது பாருங்க, புடிங்க!”