மீரிமின் எலும்புக்குள் சென்ற வெளிச்சம்

1

கராகோல் ஊருக்குப் போகும் பேருந்தில் என் காதில் விழுந்த ஒரு வசவிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. "பெத்த புள்ள காலையே ஒடிச்சவ. அந்தா உக்காந்திருக்கா பாரு." ஜன்னலோரம் இருந்த புருலாய் திரும்பவில்லை. மடியில் நான்கு வயது மீரிம், ஒரு காலில் மாவுக்கட்டு.

(முதலில் 'பனி மூடிய மலையடியில் ஒரு தாய்…' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். மலை அவளுக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை.)

2

குழந்தைக்கு இது மூன்றாவது முறிவு. எக்ஸ்ரேயில் எலும்பு திடமாகத் தெரிந்தது. அப்படியானால் தாய்தான் அடித்திருக்கிறாள் என்று நாத்தனார் அனார்குல் புகார் கொடுத்தாள். பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பலாமா என்று பார்க்க ஒரு குழுவும் அமைந்தது.

புருலாய் மீரிமோடு தலைநகர் பிஷ்கெக் போய், ஒளியை வைத்து எலும்பை ஆராயும் ஜில்தீஸ் முன் நின்றாள். (ஜில்தீஸைக் கனிவானவளாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அவள் சிடுமூஞ்சி.)

"கட்டில்லாத காலைக் காட்டுங்க. ஊசி, கத்தி ஒண்ணும் கெடையாது."

சிவப்பு ஒளி தோலைத் தாண்டி எலும்பைத் தொட்டுத் திரும்பியது. திரும்பிவந்த ஒளியின் நிறங்களைப் பிரித்து ஜில்தீஸ் திரையில் பார்த்தாள்.

"சுண்ணாம்புச் சத்து இருக்குக்கா. எக்ஸ்ரேயில திடமாத் தெரிய அது போதும். அதைப் பிணைச்சுக் கட்டுற புரதத்துலதான் கோளாறு. இந்த எலும்பு தடுக்கி விழுந்தாலே ஒடியும்."

3

குழு கூடிய நாளில் ஜில்தீஸும் வந்திருந்தாள். தலைவர் கேட்டார்: "இந்த ஒளிச் சோதனை இன்னும் ஆராய்ச்சியிலதானம்மா இருக்கு?"

"ஆமா," என்றாள் ஜில்தீஸ். (அவளைப் பொய் சொல்லவைக்க ஆசைப்பட்டேன். மசியவில்லை.)

"வெளக்கு புடிச்சா பாவம் போயிருமா?" என்றாள் அனார்குல்.

புருலாய் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டினாள். முன்கை எலும்பு வளைந்து கூடியிருந்தது.

"வெவரம் தெரியறதுக்கு முன்னாடியே எனக்கு ரெண்டு தடவ ஒடிஞ்சுது. எங்கம்மா அடிச்சான்னு ஊரே சொல்லுச்சு. நானும் நம்பி, அவ சாவுக்குக்கூடப் போகல. இந்தக் கையிலயும் வெளிச்சத்த அடி, ஜில்தீஸ். இவங்க முன்னாடியே அடி."

ஜில்தீஸ் கொண்டுவந்திருந்த கருவியை முடுக்கினாள். திரையில் அதே கோளாறு. தாய்க்கும் மகளுக்கும் ஒன்றே.

தலைவர் தொண்டையைச் செருமினார். "முடிவைப் பின்னாடி சொல்றோம்."

"சொல்லுங்க. அதுவரைக்கும் இவ எங்கூட இருப்பா. அதுக்கப்புறமும் இருப்பா."

மீரிமைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் பிள்ளையைப் பிரித்தேன். இன்னொன்றில் அனார்குலை மன்னிப்புக் கேட்க… இரண்டையும் கிழித்தேன். மேசைக்குப் பின்னால் இருப்பவர்களின் கையில் இந்தக் கதையைக் கொடுக்க மாட்டேன். முடிவு சொல்ல அவர்கள் இன்னும் கூடவில்லை. மீரிம் தாயோடுதான் இருக்கிறாள்.

அங்கிருந்து புருலாய் நேரே தன் அம்மாவின் கல்லறைக்குப் போனாள். அங்கே அவள் சொன்ன முதல் வார்த்தையை எழுத எனக்கு உரிமை இல்லை. பேருந்தில் கேட்ட வசவை அன்று நானும் நம்பினேன். ஊரார் பேச்சை ஒருமுறைகூட நம்பாதவர் யாராவது இதைப் படித்தால், அவர் எழுதட்டும்.