மேடையேறாத வரி

மூடிய நூலாலையைத் திறக்கச் சொல்லி நடக்கவிருந்த கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் பாட்டுக்காரி காவல் நிலையத்துக்குப் போனாள். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எல்லாம் பாடுங்க. 'பூட்டுன ஆலைக்குள்ள எங்க வேர்வை காயலையே'ன்னு ஒண்ணு இருக்கே, அது மட்டும் வேணாம்மா," என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரி இன்னும் மேடையேறவே இல்லை. அவள் எதையும் எழுதிவைப்பவளும் அல்ல. பாட்டு வாயிலேயே பிறந்து வாயிலேயே வளரும். ஒத்திகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடியபோது கூட இருந்தது ஒரே ஆள்தான், டோலக் வாசிக்கும் அவள் தம்பி.

சிறைக்குப் போய் வந்தவளுக்குச் சந்தேகம் லேசில் போகுமா? கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகிவிட்டது. போன் வந்தால் எழுந்து வெளியே போகிறான். போன ஊர்வலத்தில் இவளை வேனில் ஏற்றியவர்கள் அவனை மட்டும் விட்டுவிட்டார்கள். புதுச் செருப்பு வேறு! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கேட்டேவிட்டாள்.

"எவ்வளவு நாளா அவங்ககிட்டப் போய்ச் சொல்ற?"

டோலக்கின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "என்னையா கேக்குற, அக்கா?"

"வேற யாரு இருந்தா இங்க?"

அவன் டோலக்கை உறையில் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். புதுச் செருப்பை மாட்டக்கூட மறந்துவிட்டான்.

கூட்டத்தன்று தாளமில்லாமல் நின்றவள், வீம்புக்கு அந்த வரியையே எடுத்தாள். "பூட்டுன ஆலைக்குள்ள" என்றதும் முன்வரிசைப் பெண்கள் மீதியைப் பாடி முடித்தார்கள். அடுத்த வரியையும் அவர்களே எடுத்தார்கள். காவலுக்கு நின்ற பெண் போலீஸின் உதடும் அசைந்தது.

இறங்கி வந்து, "இது எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

"உங்க ஜன்னலுக்குக் கீழதானே தண்ணிக் குழாய்? குடம் நிறையறதுக்குள்ள பாட்டு மனப்பாடம் ஆயிடும். போலீஸ் வீட்டுப் பொம்பளைங்களும் அங்கதானே வர்றாங்க!"

கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டவள், புழுக்கத்துக்காக ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள். பாட்டு ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பாடினாள்? போய்ச் சேர்ந்ததும் திருட்டுப் போனதாக நினைத்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

டோலக்கைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "நீ இல்லடா. தெரிஞ்சுபோச்சு."

அவன் டோலக்கை வாங்கவில்லை.

"அந்தப் பொம்பளைங்க பாடாம இருந்திருந்தா?" என்றான்.