பொன்மணி பிடித்த பீடம்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. கோவில்பட்டியில் ஒரு விழா மலருக்கு, ‘இந்து சமயத்தின் ஆன்மிக நோக்கு’ பற்றி எழுதக் கேட்டிருந்தார்கள். ‘அனைத்தும் பிரம்மமே என்னும் பேருண்மையை...’ என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஓடவில்லை. கடம்பூர்ப் பக்கம் பார்த்த பொன்மணிதான் வந்து நின்றாள்.

2

பொன்மணியின் ஒரே மகள் காளீஸ்வரி. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் காய்ச்சலில் இறந்துபோனாள். [அழுகையை விவரித்து ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். என் முன்னால் அவள் அழவில்லை.]

அந்த ஆண்டுக் கொடைக்கு* முந்தின நாள், குடும்பக் கோயிலில், சுடலைமாடனின் மண்பீடத்துக்குப் பக்கத்திலேயே கரிசல் மண்ணைக் குழைத்து, மகளுக்கும் ஒரு பீடம் பிடிக்கத் தொடங்கினாள். கணவனின் அண்ணன் கருத்தையா ஓடிவந்தார். அந்தக் கோயிலில் சாமியாடுகிறவர் அவர்தான்.

“ஏம்மா, என்ன செய்யுத? காய்ச்சல்ல போனவ சாமியாயிருவாளா?”

“கன்னியாப் போனவள வச்சிக் கும்பிடுததுதான அத்தான்?”

“அத வீட்டுல வச்சிக் கும்பிடு. மாடன் பக்கத்துல ஆவாது.”

“காப்பாத்துன்னு இவருகிட்டதான் கேட்டேன். காப்பாத்தல. இனி பக்கத்துல வச்சாவது பாத்துக்கிடட்டும்.”

* கொடை: கோயிலின் ஆண்டுத் திருவிழா. மலரில் ‘பெருவிழா’ என்று திருத்துவார்கள்.

3

(‘மகளும் தெய்வமும் ஒன்றே’ என்று எழுதக் கை துடித்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. மாடன் மேல் தீராத கோபம்; ஆனாலும் பிள்ளையை ஒப்படைக்க வேறு ஆளில்லை. சாமியைக் கோபிக்கலாம், வேலையும் ஏவலாம். என் கட்டுரை சொல்ல வந்தது இவ்வளவுதான் போலிருக்கிறது.)

4

முதலில் எழுதிய முடிவு: கருத்தையாவுக்கு அருள் வந்து, இரண்டு பீடத்துக்கும் திருநீறு பூசுகிறார். வசதியான பொய். அடுத்தது: பங்காளிகள் மிதித்துத் தள்ளுகிறார்கள். அதுவும் பொய்.

நடந்தது இது. “இடிங்கலே!” என்று கருத்தையா கத்தினார். பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. (மாடனுக்கு அஞ்சினார்களா, அல்லது அந்தப் பிள்ளை ஏற்கெனவே அங்கே...)

பொன்மணியின் கணவன் மாரிராஜ் அதுவரை வேப்பமரத்தடியில் நின்றவர். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து மண்ணில் ஊற்றினார்.

“குழை,” என்றார்.

“கொடை முடியட்டும், நானே இடிக்கேன்,” என்று கருத்தையா போய்விட்டார்.

5

“இடிச்சிட்டா என்ன செய்வீங்க?” என்று அவளைக் கேட்டேன்.

“அவிய இடிக்காட்டாலும் மழையில கரையத்தான செய்யும்? திரும்பப் பிடிப்பேன்.”

கொடை முடிந்தது. கருத்தையா இடித்தாரா என்பது எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. இடிப்பதென்றால் நீங்களே இடித்துக்கொள்ளுங்கள். அவள் கைக்கெட்டும் தூரத்திலிருந்து அடிவானம் வரைக்கும் மண் கிடக்கிறது.