நிக்கலின் காதுக்கு ஏற்ற துப்பாக்கி

எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ராய்ஸ் அந்தப் பெரிய கைத்துப்பாக்கியை எடுத்த எடுப்பிலேயே சுட்டான் என்கிறாள் நெல்டா. இரண்டாவதாகத்தான் சுட்டான் என்று எனக்கு நினைவு. அன்று அவள் மேய்ச்சல் நிலத்தில் இல்லவே இல்லை. ஆனாலும் அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்துவிடும். நாய் ஓடிய ஓட்டத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

நெல்டாவின் கணவன் வெர்லன் எனக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன். அவனுடைய நிக்கல் முழங்கால் உயரம்கூட இல்லாத அணில் நாய். ஆற்றுப் படுகைக் காட்டில் அணிலை மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைக்கும். வெர்லன் நிதானமாகப் போய்ச் சிறிய ரைஃபிளால் சுடுவான். அணிலுக்கு அந்த ரைஃபிள் போதும். காட்டுப்பன்றியை அதைக்கொண்டு சுட்டால் பன்றிக்குக் கோபம் கூடுமே தவிர வேறொன்றும் ஆகாது. போன குளிர்காலத்தில் ஒரு பன்றி நிக்கலின் தொடையைக் கிழித்தது. வெர்லன் ஓக் மரத்தில் தொற்றிக்கொண்டு, கையிலிருந்த தொப்பியை அதன்மேல் எறிந்தான். தையல் போட்ட நாயையும் தோல் உரிந்த கணவனையும் ஒரே நாளில் பார்த்த நெல்டா, இடுப்பில் உருப்படியான துப்பாக்கி இல்லாமல் இனி இருவரும் படுகைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

வாங்குவது பெரிய விஷயமில்லை. ஆனால் பன்றியை நிறுத்தும் துப்பாக்கிகள் எல்லாமே இடிபோல முழங்கும். வெடிச் சத்தத்துக்கு ஒருமுறை மிரண்ட அணில் நாய், அப்புறம் வெறும் நாயாக இருக்கும், வேட்டைக்கு வராது. நல்ல நாய் ஒன்றுக்காகப் பாதி ஆயுள் காத்திருந்தவன் வெர்லன். அதைக் காப்பாற்ற வாங்குகிற துப்பாக்கியே அதைக் கெடுத்துவிடுமோ என்ற பயம் அவனைத் தூங்கவிடவில்லை.

நெல்டாவின் தம்பி ராய்ஸ், தூண்டில் சாமான் பெட்டி நிறையக் கைத்துப்பாக்கிகளோடு வந்தான். டெக்ஸாஸில் அப்படி ஒரு மைத்துனன் இல்லாத வீடு குறைவு. வெர்லன் திட்டத்தைச் சொன்னான். நான் மேய்ச்சல் நிலத்தின் அந்தக் கோடியில் நாயோடு உட்கார்ந்து சோள ரொட்டி ஊட்ட வேண்டும். அவர்கள் இந்தக் கோடியில் ஒவ்வொன்றாகச் சுடுவார்கள். நாயின் காது மடங்கினால் நான் கையைத் தூக்க வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருக்கும் வேலை என்றால் ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"துப்பாக்கி யாருக்கு மச்சான்? உனக்கா, நாய்க்கா?" என்றான் ராய்ஸ்.

"நாய்க்குத்தான். எனக்கு எதைக் குடுத்தாலும் சுடுவேன்."

முதலில் .357 மேக்னம். சாட்டையடி போலச் சத்தம். நிக்கலின் காதுகள் தலையோடு ஒட்டின. ரொட்டி வாயிலேயே நின்றது. கையைத் தூக்கினேன். அடுத்தது அந்தப் பெரிய .44 மேக்னம். நாயைச் சமாதானப்படுத்தி நான் சைகை காட்டும்வரை பொறுத்திருக்க வேண்டியவன் ராய்ஸ். பொறுக்கவில்லை. என் நெஞ்சிலேயே அதிர்ந்தது. நிக்கல் என் மடியைத் தாண்டி, முள்வேலிக்கு அடியில் புகுந்து, வெர்லனின் டிரக்குக்குக் கீழே போய்ப் பதுங்கிக்கொண்டது. பொழுது சாய்ந்தும் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை, வெர்லன் பழைய ரைஃபிளைத்தான் சுவரிலிருந்து எடுத்தான். அதைப் பார்த்ததுமே நாய் மறுபடி டிரக்குக்குக் கீழே போய்விட்டது. வெர்லன் ரைஃபிளைத் திரும்ப மாட்டினான். அன்று நாங்கள் இருவரும் டிரக்கின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குக் கீழே அது மூச்சு விடுவது கேட்டது.

வழி கண்டுபிடித்தவள் நெல்டா. நிக்கலுக்குச் சாப்பாடு வைக்கும்போதெல்லாம் தொலைவில் பாத்திர மூடிகளைத் தட்ட வேண்டும். நாள் போகப் போகக் கொஞ்சம் கிட்டே வர வேண்டும். தட்டும் வேலையைத் தம்பியிடம் கொடுத்தாள். நாய் மிரண்ட நாளிலிருந்து வெர்லன் அவனோடு பேசுவதில்லை என்பதால் ராய்ஸும் மறுக்கவில்லை. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று மூடிகளைத் தட்டினான். சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார்கள். கிண்ணத்தில் கறிக்குழம்பு இருந்ததால் நிக்கல் கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்தது. கடைசியில் அவன் மூடியோடு வந்தாலே வாலாட்டத் தொடங்கியது.

அப்போதுதான் ராய்ஸ் .45 கோல்ட் என்ற பருமனான தோட்டா போடுகிற ஒரு பழைய ரிவால்வரைக் கொண்டுவந்தான். வெர்லனைப் பார்க்காமல், என்னைப் பார்த்துப் பேசினான்.

"கனமான ஈயம், மெதுவாத்தான் போகும். பன்றி எலும்பை உடைக்கும், காதைக் கிழிக்காது. அவன்கிட்ட சொல்லு."

"எனக்குக் காது கேக்கும்னு அவன்கிட்ட சொல்லு," என்றான் வெர்லன், என்னிடம்.

தொலைவிலிருந்து சுட்டார்கள். தொம் என்று, பக்கத்து வீட்டில் யாரோ மாவு மூட்டையைக் கீழே போட்டதுபோல ஒரு சத்தம். நிக்கல் ஒரு காதை மட்டும் தூக்கியது. பிறகு கிண்ணத்தை நக்கப் போனது. நான் கையைத் தூக்கவில்லை. எதிர்க் கோடியில் வெர்லன் ராய்ஸின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைப்பது தெரிந்தது.

ஆனால் மேய்ச்சல் நிலம் வேறு, படுகை வேறு. குளிர்ந்த ஒரு காலையில் மூவரும் நாயோடு இறங்கினோம். சேற்றில் பன்றிகள் கிளறிய மண் இன்னும் ஈரமாக இருந்தது. நிக்கல் முன்னால் ஓடி மறைந்தது. விசிறிப்பனைப் புதர் அசைந்தது. கரும் பன்றி ஒன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வெர்லனைப் பார்த்து வந்தது. இந்த முறை அவன் மரத்தைத் தேடவில்லை. இருமுறை சுட்டான். பன்றி அவன் காலணிகளுக்குச் சற்று முன்னால் முட்டி மடிந்து விழுந்தது.

அவன் பன்றியைப் பார்க்கவில்லை. "நிக்கல் எங்க?" என்றான்.

எங்கும் காணவில்லை. ராய்ஸ் டிரக் நின்ற திசையைப் பார்த்தான்; முகம் வெளுத்திருந்தது. ஆறு ஓடுவதுகூடக் கேட்டது.

பிறகு, தொலைவில், ஆற்றோரத்திலிருந்து குரைப்பு. பயந்த குரைப்பு இல்லை. விட்டுவிட்டு, ஒரே சீராக வந்தது.

வெர்லன் சிரிக்க ஆரம்பித்தான். "அணில ஏத்தி வெச்சிட்டு நம்மளத் திட்டுது. 'வாங்கடா, சும்மா சுட்டு விளையாடிக்கிட்டு'ன்னு."

அன்று அணிலும் கிடைத்தது. பன்றியை ராய்ஸ் தலையில் கட்டினோம். வெர்லன் அதன்பின் பல ஆண்டுகள் வேட்டையாடினான். மூட்டுவலி வந்தபின் நிறுத்திவிட்டான். நிக்கல் முதுமையில், தூக்கத்தில் இறந்தது. ராய்ஸ் துப்பாக்கிகளை விற்றுவிட்டு மீன் பிடிக்கப் போகிறான். நெல்டா நலமாக இருக்கிறாள். நான் இன்னும் பக்கத்துப் பண்ணையில்தான் இருக்கிறேன்.