மூன்று தரம் கேட்க வேண்டும்

பெரியம்மா சீதேவிப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கேதீஸ்வரி நீட்டிய கரண்டி உதட்டில் முட்டி, பால் தாடை வழியே ஒழுகிக் கழுத்துக்கு இறங்கியது. இன்னொரு தரம் நீட்டினாள். சீதேவிப்பிள்ளை மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நீ குடு மனே,” என்று சுதாகரன் மாமா விதுர்ஷாவைப் பார்த்துச் சொன்னார். கடைசிப் பால் யாராவது கொடுத்தாக வேண்டும்.

விதுர்ஷா தாயின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். தாயின் விரல்கள் அதை உடனே விடவில்லை. “பெரியம்மா, நான்,” என்றதும் முகம் திரும்பியது, உதடுகள் பிரிந்தன. ஒரு மிடறு இறங்கியதை அறையில் எல்லாரும் பார்த்தார்கள். கேதீஸ்வரியும் பார்த்தாள். விதுர்ஷாவுக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. அந்த இடத்தில் வரக்கூடாத சந்தோசம்தான், ஆனால் வந்தது.

கேதீஸ்வரி இஸ்ரேலுக்கு வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போனபோது விதுர்ஷாவுக்குப் பால்பல் விழுந்து முடியவில்லை. எட்டு வருசம் அவளைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி, பெரிய பிள்ளையானபோது தண்ணீர் வார்த்து வளர்த்தவள் தாயின் அக்கா சீதேவிப்பிள்ளை, பனிச்சங்கேணியில், இதே வீட்டில். அவளுக்குப் பிள்ளை இல்லை. கேதீஸ்வரி திரும்பி வந்த அன்று விதுர்ஷா தாயிடம் போகாமல் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். வான் வண்டியிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன, பாதி ஊர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கேதீஸ்வரி படலையடியில் நின்று கத்தினாள்: “மலடிக்கு இரவல் பிள்ளையில என்ன இவ்வளவு ஆசை?”

அன்றிலிருந்து சீதேவிப்பிள்ளை தங்கையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தாயோடு அடுத்த தெருவுக்குக் குடிபோன விதுர்ஷாவும் தேவைக்கு மிஞ்சிப் பேசுவதில்லை.

பெட்டிகளில் வந்த சாமான்கள் உடைந்தும் கறள் பிடித்தும் போயின. கேதீஸ்வரியிடம் மிஞ்சியது ஹைஃபாவில் அவள் பராமரித்த யூதக் கிழவி மிறியம்மாவின் வருசக் கணக்குத்தான். ஆவணி அமாவாசை கழிந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அந்த மாதம் முழுக்க மிறியம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்து மன்னிப்புக் கேட்பாளாம். புரட்டாசி அமாவாசையோடு அங்கே வருசம் பிறக்கும். பத்தாம் நாள் சொட்டுத் தண்ணீரும் இல்லாத விரதம். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் அன்று மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரிடமேதான் கேட்க வேண்டும். மறுத்தால் மூன்று தரம் கேட்க வேண்டும். இங்கே கோயிலில் நவராத்திரிக்குக் கும்பம் வைத்திருக்கும் நாட்களில் கேதீஸ்வரி அந்தக் கணக்கில் பட்டினி கிடப்பாள். “ரெண்டு ஊர்ச் சாமியையும் ஒருமிக்கப் புடிச்சி வெச்சிரிக்கா,” என்று மாமா பகிடி பண்ணுவார்.

இந்த வருசம் அந்த மாதம் பிறந்தபோது சீதேவிப்பிள்ளைக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. கேதீஸ்வரி இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டாள். இரண்டு தரமும் முகம் சுவருக்குப் போனது. இன்று புரட்டாசி அமாவாசை.

கேதீஸ்வரி கட்டிலடியில் முழங்காலில் இருந்தாள். “அக்கா. அண்டைக்கு நான் சொன்ன சொல்லு பெரிய பிழை. என்ன மன்னிச்சிக்க கா.”

“விடுகா,” என்று மாமா அதட்டினார். “சாகப்போறவளப் போட்டு வதைக்காத.”

“மூணாந்தரம் அண்ணன். மறுகா எனக்குக் கேக்க ஏலாது.”

பெரியம்மாவின் கண்கள் விதுர்ஷாவின் மேலேயே நின்றன. மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. பிறகு இழுக்கவில்லை.

அழுகைச் சத்தம் எழும்புமுன்னே கேதீஸ்வரி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். “நீதான் முகத்துக்கு நேர இருந்தாய். கண்ணசைச்சாவா மனே? தலை கிலை ஆட்டினாவா?”

ஓம் என்று ஒரு சொல் போதும். தாய் அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள். விதுர்ஷாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

“இல்ல,” என்றாள்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. அதற்கடுத்த காலையில் மண்மேட்டுக்குப் பால் வார்க்க மாமா செம்பை எடுத்தபோது கேதீஸ்வரி அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

“பொம்பிளையள் மயானத்துக்கு வாறல்ல,” என்றார் மாமா.

“செத்தவவிட்டக் கேக்கிறதெண்டா பத்துப் பேரக் கூட்டிட்டுக் குழியடிக்குப் போகணும். அவங்களுக்கு முன்னால பிழையச் சொல்லணும். மன்னிச்சாச்சு எண்டு அவங்க மூணு தரம் சொல்லணும்.”

“எங்கட வீட்டுச் சாவுக்கு அந்த நாட்டுச் சட்டமா? ஆக்கள் சிரிக்கப் போறாங்க.”

“சிரிக்கட்டும். ஊருக்கு முன்னால சொன்ன சொல்லு அண்ணன். ஊருக்கு முன்னாலதான் எடுக்கணும்.”

மாமா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார்.

மயானம் வாவியை ஒட்டியிருந்தது. கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. மாமா, மாமி, அயல் வீட்டு ஆட்கள் என்று ஒன்பது பேர் மண்மேட்டைச் சுற்றி நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டு எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். விதுர்ஷா குடையோடு கம்பிவேலிக்கு வெளியே நின்றுவிட்டாள்.

“வா மனே. உன்னோட பத்து,” என்று மாமி கூப்பிட்டாள்.

“நான் வரல்ல. பெரியம்மா சொல்லாதத நான் என்னெண்டு சொல்லுற?”

கேதீஸ்வரி செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. அது விதுர்ஷாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஓட்டமாவடி அசனார் காக்கா. மாமா பிடிக்கும் நண்டையும் இறாலையும் வருசக்கணக்காக வாங்கும் முஸ்லிம் வியாபாரி. “வீட்ட போனன், எல்லாரும் இஞ்ச எண்டாங்க. மையத்து அடக்கத்துக்கு வரக் கிடைக்கல்ல, மனசு கேக்கல்ல,” என்றார். பிறகு நின்றவர்களைப் பார்த்தார். “என்ன நடக்குது?”

மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார். “அந்த நாட்டு வழக்கமாம் காக்கா. ஒரு ஆள் குறையுது. உங்களக் கேக்கிறது சரியில்ல.”

அந்த நாடு எது என்று காக்காவுக்குத் தெரியும். அவருடைய போனில் அந்த நாட்டின் குண்டு விழுந்த வீடுகளும் பிள்ளைகளும்தான் தினமும் வரும். கேதீஸ்வரி அங்கே இருந்தவள் என்பதால் அவளோடு அவர் முகம் கொடுத்துப் பேசுவதும் குறைந்திருந்தது. அவர் மோட்டார்சைக்கிளில் இருந்தபடியே வாவியைப் பார்த்தார். கேதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அந்த நாட்டுக்கு நான் நிக்கமாட்டன்,” என்றார் கடைசியில். “சீதேவி அக்காவுக்கு நிக்கிறன். எங்கட மார்க்கத்திலயும் மனுசருக்குச் செஞ்சதுக்கு மனுசரிட்டத்தான் மன்னிப்புக் கேட்டுப் பொருத்தம் தேடணும்.” தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

கேதீஸ்வரி பாலை வார்த்தாள். மண் அதை உடனே குடித்தது.

“நான் ஆண்டவனுக்கும் எங்கட அக்கா சீதேவிப்பிள்ளைக்கும் பிழை செஞ்சன். மலடி எண்டு சொன்னன்.” குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. “என்ட பிள்ளைக்கு அவதான் தாய். எனக்கு அது அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னன்.”

“மன்னிச்சாச்சு,” என்றார்கள். முன்னும் பின்னுமாக, முணுமுணுப்பாக. இரண்டாம் தரம் கொஞ்சம் தெளிவாக வந்தது. மூன்றாம் தரம் காக்காவின் “பொருந்தியாச்சு” எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது.

வேலிக்கு வெளியே விதுர்ஷா குடைக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தெரிஞ்சுதான் சொன்னன். இத்தனை நாளும் அவள் காத்திருந்தது இந்தச் சொல்லுக்குத்தான். வந்தபிறகு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியம்மா இருந்து கேட்டிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. அழுகை வந்தது.

ஆட்கள் கலைந்து போனார்கள். கேதீஸ்வரி நேரே வந்து மகளின் முன்னால் நின்றாள். சேலைக்கரையில் மண் ஒட்டியிருந்தது.

“உன்னட்டயும் கேக்கணும் மனே. உன்னட்ட நான் ஒருக்காவும் கேக்கல்ல. என்ன மன்னிச்சிக்க.”

விதுர்ஷா முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கேதீஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டாள், வெயிலில் இறங்கி நடக்கத் தொடங்கினாள்.

“அம்மா.”

அவள் நின்றாள்.

“நாளைக்கும் கேளுங்க.”

விதுர்ஷா எட்டிப்போய்க் குடையைத் தாயின் தலைக்கு மேலும் பிடித்தாள். மற்றக் கையால் செம்பை வாங்கினாள். இந்தத் தரம் தாயின் விரல்கள் உடனே விட்டுவிட்டன. அடியில் கொஞ்சம் பால் மிஞ்சியிருந்தது. அது சிந்தாதபடி இருவரும் மெதுவாக நடந்தார்கள்.